ஆட்டத்தின் விதி: பாரீஸ் சிரிக்க மறுத்த ஒரு நகைச்சுவைப் படத்தின் வரலாறு

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தபோது, அவற்றுள்ளும் எள்ளலையே முதலில் நிறுத்தினார். பிறர் எள்ளப்படும்போது வாய்விட்டு நகைக்கும் மனிதன், தானே எள்ளப்படும்போது என்ன செய்வான்? இவ்வினாவுக்கு 1939ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள் பாரீஸ் மாநகரம் விடையளித்தது.

அன்று அந்நகரின் கொலிசே, ஒபேர் பலாஸ் என்னும் இரு திரையரங்குகளில் ‘லா ரேக்ள் த்யூ ழே’ என்ற புதிய பிரெஞ்சுப் படம் வெளியிடப்பெற்றது. ‘ஆட்டத்தின் விதி’ என்பது அப்பெயரின் பொருள். இயக்கியவர் ழான் ரெனுவார்; அவ்வேளையில் பிரான்சு நாட்டின் முன்னணி இயக்குநர்களுள் ஒருவர். செல்வர் மாளிகையொன்றில் நிகழும் காதற் குழப்பங்களைக் கண்டு சிரித்து மகிழலாம் என வந்தவர்கள், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூச்சலிட்டனர், சீழ்க்கை அடித்தனர். ஒருவர் செய்தித்தாளைக் கொளுத்தி அரங்கிற்கே தீயிட முயன்றதைத் தாம் கண்டதாக ரெனுவார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். சில மாதங்களில் அப்படம் தடை செய்யப்பட்டது. அதன் மூலச்சுருள் போரில் அழிந்தது. ஆயினும் இன்று உலகத் திரைப்படக் கலையின் தலைசிறந்த படைப்புகளை எண்ணும்போது அதனை விடுத்து எண்ணுவார் அரியர். எள்ளி விரட்டப்பட்ட படம் எவ்வாறு ஏத்தி வணங்கப்படும் படமாயிற்று? அவ்வரலாற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓவியரின் மைந்தர்

புகழ்பெற்ற ஓவியர் பியேர் ஒகுஸ்த் ரெனுவாரின் இரண்டாம் மகனாக 1894ஆம் ஆண்டு பாரீசில் பிறந்தவர் ழான் ரெனுவார். முதல் உலகப் போரில் காலில் குண்டடிபட்டார்; அதனால் ஏற்பட்ட நொண்டல் வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. காயம் ஆறியபின் வான்படையில் சேர்ந்து வேவு பார்க்கும் பணி புரிந்தார். போர் முடிந்து திரையுலகில் நுழைந்தபோது, தந்தையார் விட்டுச்சென்ற ஓவியங்கள் சிலவற்றை விற்று அப்பணத்தைத் தொடக்கக் காலப் படங்களில் இட்டார். அப்படங்களிற் பல பொருளீட்டித் தரவில்லை.

1937ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மாபெரும் மாயை’ அவருக்கு உலகப் புகழ் தந்தது. முதல் உலகப் போரின் சிறைமுகாமில் அடைபட்ட பிரெஞ்சு வீரர்களைப் பற்றிய படம் அது. நாடுகளைப் பிரிக்கும் எல்லைக்கோட்டைவிட மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் வகுப்புக்கோடு ஆழமானது என்பதை அது உணர்த்திற்று. மறு ஆண்டில் வந்த ‘மனித விலங்கு’ என்னும் படமும் வெற்றி பெற்றது. இவ்வெற்றிகளின் துணிவில் தம் தம்பி குளோத் உள்ளிட்ட சிலருடன் சேர்ந்து சொந்தமாக ஒரு படநிறுவனத்தையும் தொடங்கினார். அந்நிறுவனத்தின் பெருமுயற்சியாக உருவானதே ‘ஆட்டத்தின் விதி’.

காலத்தின் கோலம்

இப்படத்தின் உள்ளுறையை அறிய விழைவோர் அது பிறந்த காலத்தை முதலில் அறிதல் வேண்டும். 1938ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் மியூனிக் நகரில் கூடிய பிரிட்டன், பிரான்சு நாடுகளின் தலைவர்கள், செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை இட்லருக்கு விட்டுக்கொடுத்துக் கையொப்பமிட்டனர். அவ்வுடன்படிக்கையில் செக் நாட்டுக்கு வாய்ப்பேச்சுக்கும் இடமளிக்கவில்லை. செப்டம்பர் 30ஆம் நாள் பிரெஞ்சுப் பிரதமர் தலாதியே பாரீசின் லெ பூர்ஜே வானூர்தி நிலையத்தில் வந்திறங்கினார். நட்பு நாட்டைக் கைவிட்ட தம்மை மக்கள் தூற்றுவர் என அஞ்சியே அவர் வந்தார். ஆனால் திரண்டிருந்த மக்களோ வாழ்த்தொலி முழக்கினர். போர் வாராது என்ற நிம்மதியில் பிறந்த முழக்கம் அது.

‘ஆட்டத்தின் விதி’ தொடங்குமிடமும் அதே லெ பூர்ஜே நிலையந்தான். அங்கும் ஒரு வானூர்தி வந்திறங்குகிறது. அங்கும் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. மியூனிக் உடன்படிக்கைக்குப் பின் சில மாதங்களிலேயே எடுக்கப்பட்ட ஒரு படத்தின் முதற் காட்சி இது என்பதை நாம் மறந்துவிடலாகாது. எரிமலையின் மேல் நின்று நடனமாடும் சமுதாயம் என்று தம் காலத்துச் செல்வர் குழாத்தை ரெனுவார் பின்னர்க் குறிப்பிட்டார். ஆயினும் படத்தில் போரைப் பற்றி ஒரு சொல்லும் வாராது. அதுவே அதன் திறம்.

படைப்புக் குழு

பழம்பெரும் பிரெஞ்சு இன்பியல் நாடகங்களின் வழியிலே இப்படத்தை அமைக்க விரும்பினார் ரெனுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் மியூசே இயற்றிய ‘மரியானின் மனப்போக்குகள்’ என்னும் நாடகம் அவருக்குத் தொடக்கத் தூண்டுதல் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பொமார்ஷே படைத்த ‘ஃபிகரோவின் திருமணம்’ நாடகத்திலிருந்து சில வரிகள் படத்தின் முகப்பில் இடம்பெற்றன. ஆண்டைகளும் பணியாளர்களும் ஒருவரையொருவர் படியெடுத்தாற்போலக் காதலித்துக் கலகம் விளைக்கும் நாடக மரபு அது. அந்நாடகம் மேடையேறியது 1784இல். ஐந்தே ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. இம்முன்னிகழ்ச்சி ரெனுவாருக்குத் தெரியாததன்று.

திரைக்கதை எழுதுவதில் துணைநின்றவர் கார்ல் காஹ் என்னும் ஜெர்மானியர். நிழற்பாவைப் படங்களால் புகழ்பெற்ற லோத்தே ரைனிகர் அம்மையாரின் கணவர். அரங்க அமைப்பைக் கவனித்தோர் யூஜீன் லூரியேயும் மாக்ஸ் தூவாவும். ஒளிப்பதிவு ழான் பஷலே. படத்தொகுப்பு மார்கெரீத் ஊலே. உடையலங்காரம் கோகோ ஷனேல். உதவி இயக்குநர்களுள் ஒருவர் ஆன்றி கார்த்தியே பிரெசோன்; இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த நிழற்படக் கலைஞராகப் பின்னாளில் உலகம் போற்றிய அவரேதாம்.

1939 பிப்ரவரி நடுவில் சொலோஞ் வட்டாரத்திலுள்ள பழைய மாளிகையொன்றில் படப்பிடிப்புத் தொடங்கிற்று. மழை விடாது பெய்தது. வெளிப்புறக் காட்சிகளுக்காகக் குழுவினர் நாள் கணக்கிற் காத்துக் கிடந்தனர். முழுமையாக எழுதி முடிக்கப்படாத திரைக்கதையை, ரெனுவார் படமெடுத்தவாறே மாற்றி எழுதினார். 25 இலட்சம் பிராங்கு எனத் திட்டமிட்ட செலவு 50 இலட்சத்தைத் தாண்டிற்று. படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச்சு 15ஆம் நாள், ஜெர்மானியப் படை பிராகா நகருக்குள் நுழைந்தது. மியூனிக்கில் வாங்கிய நிம்மதியின் விலை அன்று தெரிந்தது.

கதைச் சுருக்கம்

அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே பறந்து கடந்த வீரன் அந்திரே ழூரியே. தான் யாருக்காக இச்செயற்கருஞ் செயலைச் செய்தானோ அப்பெண் தன்னை வரவேற்க வரவில்லையே என்று, நாடே கேட்டுக்கொண்டிருக்கும் வானொலியில் புலம்பிவிடுகிறான். அப்பெண்ணோ பிறர் மனைவி. மார்க்கி ரொபேர் த லா ஷெனே என்னும் பெருஞ்செல்வரை மணந்து பாரீசில் வாழும் கிறிஸ்தீன். மறைவாக எதையும் செய்யலாம், வெளிப்படையாகச் சொல்லுதல் கூடாது என்பதே அவ்வுலகின் விதி. உண்மையை உரக்கச் சொன்னதே அந்திரேயின் முதற்குற்றம்.

ரொபேருக்கும் ஒரு காதலி உண்டு, பெயர் ழெனவியேவ். அனைவருக்கும் நண்பனான ஒக்தாவ் பரிந்துரைக்க, அனைவரும் நாட்டுப்புறத்திலுள்ள மார்க்கியின் மாளிகைக்கு வேட்டை விருந்தினராகச் செல்கின்றனர். அங்கே கீழ்த்தளத்தில் பணியாளர்களின் உலகம். கிறிஸ்தீனின் தோழி லிசெத். அவள் கணவன் காட்டுக் காவலன் ஷூமாகேர். முயல் திருடிப் பிடிபட்ட மார்சோவை மார்க்கி விளையாட்டாகத் தம் மாளிகையிற் பணிக்கமர்த்த, அவனோ லிசெத்தையே வளைக்கப் பார்க்கிறான். மேல்தளத்தில் ஒரு காதற் குழப்பம். கீழ்த்தளத்தில் அதன் எதிரொலி.

விருந்து இரவில் மாறுவேட நாடகம் நடக்கிறது. எலும்புக்கூட்டு வேடமிட்டோர் மேடையில் ஆட, கீழே இருளில் விருந்தினர் தத்தம் காதலரைத் தேடுகின்றனர். மனைவியைக் கவர வந்தவனைச் சுட்டுத் தள்ளக் கைத்துப்பாக்கியுடன் ஷூமாகேர் கூடமெல்லாம் துரத்துகிறான். அதுவும் நிகழ்ச்சி நிரலில் ஒரு பகுதியோ என விருந்தினர் எண்ணிக்கொள்கின்றனர். கரடி வேடமிட்ட ஒக்தாவ், அத்தோலிலிருந்து தன்னை விடுவிக்குமாறு போவோர் வருவோரையெல்லாம் வேண்டித் திரிகிறான். நம்மை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் காட்சிகள் இவை.

சிரிப்பு ஓயும் முன்னரே அழிவு வருகிறது. லிசெத்தின் மேலங்கியைப் போர்த்துக்கொண்டு ஒக்தாவுடன் தோட்டத்திற்குச் செல்லும் கிறிஸ்தீனைத் தன் மனைவியென்றே ஷூமாகேர் மயங்குகிறான். அவளுடன் ஓடிப்போக முடிவு செய்த ஒக்தாவ், மேலங்கியெடுக்க மாளிகைக்கு வருகிறான். லிசெத்தின் சொல் கேட்டு மனம் மாறித் தன் மேலங்கியை அந்திரேயிடம் தந்து அவனை அனுப்புகிறான். இருளில் ஓடிவரும் அந்திரேயைச் சுட்டு வீழ்த்துகிறான் ஷூமாகேர். மாளிகைப் படிக்கட்டில் நின்று மார்க்கி, வருந்தத்தக்க விபத்தொன்று நேர்ந்துவிட்டதாக விருந்தினரிடம் அழகிய சொற்களால் அறிவிக்கிறார். விபத்து என்னும் சொல்லுக்கு இது புதுப்பொருளோ என ஒருவர் ஐயுற, முதியவரான படைத்தலைவரோ மார்க்கியின் பெருந்தன்மையைப் பாராட்டுகிறார். அனைவரும் உள்ளே செல்கின்றனர். சுவரில் நிழல்கள் நகர்கின்றன. படம் முடிகிறது.

வேட்டைக் காட்சி

இப்படத்தின் நடுவே அமைந்த வேட்டைக் காட்சி திரைப்பட வரலாற்றில் தனியிடம் பெற்றது. வெண்ணிற மேலாடை அணிந்த ஏவலர் வரிசையாக நின்று மரங்களைக் கோலால் தட்டியவாறு முன்னேறுகின்றனர். அஞ்சி ஓடும் முயல்களும் பறந்தெழும் காட்டுக்கோழிகளும் விருந்தினரின் துப்பாக்கிகளுக்கு நேரே விரட்டப்படுகின்றன. பிற காட்சிகளிலெல்லாம் நெடுநேரம் வெட்டின்றி ஒழுகும் ஒளிப்பதிவு, இங்கு மட்டும் வெட்டுக்கு மேல் வெட்டாகத் துடிக்கிறது. குண்டடிபட்ட முயலொன்று கால்களை மடக்கிச் சுருண்டு இறப்பதைக் கண்டவர் எளிதில் மறவார். பின்னர் அந்திரே குண்டுபட்டு வீழ்ந்ததை, முயல் உருண்டாற்போல் உருண்டான் என்றே மார்சோ விவரிக்கிறான். விலங்கை விளையாட்டாகக் கொல்லும் சமுதாயத்திற்கு மனிதனின் இறப்பும் விளையாட்டின் ஒரு பகுதியாகிவிடும் என்பதை உபதேசம் எதுவுமின்றி உணர்த்திவிடுகிறார் இயக்குநர்.

ஒளிப்பதிவின் மற்றோர் அருமையையும் குறிப்பிடல் வேண்டும். முன்னே இருவர் பேச, பின்னே தொலைவில் வேறிருவர் ஓட, இரண்டும் ஒருங்கே தெளிவாகத் தெரியுமாறு பல காட்சிகள் அமைந்துள்ளன. யாரைக் காண வேண்டும் என்பதை இயக்குநர் நமக்குக் கட்டளையிடுவதில்லை. நம் கண்ணுக்கே அவ்வுரிமையை விட்டுவிடுகிறார். திருமண வீட்டுக் கூடத்தில் நின்று நாற்புறமும் நடப்பதைப் பார்ப்பது போன்ற நிறைவு அதனால் உண்டாகிறது.

வேடங்களும் வேடமிட்டோரும்

மார்க்கி வேடம் பூண்டவர் மார்செல் தாலியோ. உருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் பாரீசிற் பிறந்தவர். ஐயத்திற்குரிய சிறு வேடங்களே அவருக்குப் பெரிதும் கிடைத்து வந்தன. அவரைப் பிரெஞ்சு உயர்குடி மார்க்கியாக்கியது ரெனுவாரின் துணிவு. பழங்கால இசைப்பொறிகளையும் இயந்திரப் பறவைகளையும் சேர்த்து மகிழும் மார்க்கி, தாம் புதிதாக வாங்கிய பேரிசைப் பொறியை விருந்தினர்முன் திறந்து காட்டும்போது, அவர் முகத்தில் பெருமிதமும் நாணமும் குழந்தைமையும் ஒருங்கே தோன்றும். தாம் எடுத்தவற்றுள் மிகச் சிறந்ததென ரெனுவார் கருதிய காட்சி அது.

கிறிஸ்தீனாக நடித்தவர் நோரா கிரேகோர். வியன்னாவின் புகழ்பெற்ற நாடக மேடையில் விளங்கியவர். ஆஸ்திரியாவின் முன்னாள் துணைத்தலைமை அமைச்சரான ஸ்டார்கம்பர்க் இளவரசரை மணந்தவர். இட்லரின் படை தம் நாட்டில் புகுந்ததும் நாடிழந்து வந்தவர். அவர் பேசும் பிரெஞ்சு மொழியில் அயலொலி கலந்திருப்பதைச் சிலர் குறை கூறினர். ஆனால் கதையிலும் கிறிஸ்தீன் வியன்னாவிலிருந்து வந்தவளே. அன்பாகப் பழகினால் அதனைக் காதலென்று கொள்ளும் அந்நாட்டு வழக்கம் அவளுக்கு விளங்கவில்லை. ஊர்விட்டு ஊர்வந்து வாழும் நமக்கு அவளுடைய தடுமாற்றம் எளிதிற் புரியும். புகுந்த ஊரில் எழுதி வைத்த சட்டங்களைப் படித்துக் கற்றுவிடலாம். எழுதாத விதிகளைத் தவறு செய்தல்லவா கற்க வேண்டியிருக்கிறது!

அந்திரேயாக ரோலான் தூத்தேனும், ஷூமாகேராகக் கஸ்தோன் மோதோவும், மார்சோவாக ழூலியன் கரேத்தும், லிசெத்தாகப் போலெத் துபோஸ்தும், ழெனவியேவாக மிலா பரேலியும் நடித்தனர். ஒக்தாவ் வேடத்திற்குத் தம் அண்ணனும் சிறந்த நடிகருமான பியேர் ரெனுவாரை முதலில் எண்ணிய இயக்குநர், பின்னர்த் தாமே அதனை ஏற்றார். பருத்த உடலும் தாழாத நகைப்புமாக வரும் அவ்வொக்தாவின் வாயிலாகவே படத்தின் உயிர்க்கருத்து வெளிப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் அவரவர்க்கென ஒரு நியாயம் இருப்பதே உலகில் அஞ்சத்தக்கது என்கிறான் அவன். ஆகவே இப்படத்தில் கொடியவர் என எவருமிலர். கொலை செய்தவனையும் நாம் வெறுக்க இயலவில்லை. ஆயினும் கொலை நடந்துவிட்டது, பொய்யும் சொல்லப்பட்டுவிட்டது.

சினத்தின் காரணம்

பாரீஸ் மக்கள் ஏன் இத்துணைச் சினங்கொண்டனர்? காரணங்கள் பல. வலதுசாரி ஏடுகளுக்கு, யூதர் ஒருவர் பிரெஞ்சு மார்க்கியாகவும் ஆஸ்திரியப் பெண்ணொருத்தி அவர் மனைவியாகவும் தோன்றியது பொறுக்கவில்லை. படத்திலேயே இதற்கு விடையளிக்கும் காட்சியொன்று உண்டு. பணியாளர்கள் உணவருந்தும்போது, தம் ஆண்டையின் யூத முன்னோரைச் சுட்டி ஒருவன் ஏளனம் பேசுகிறான். சமையற்காரன் அதற்கு உடன்படவில்லை. உருளைக்கிழங்கு சூடாக இருக்கும்போதே அதில் வெள்ளை மது வார்க்கப்படவில்லை என்பதை ஒரு வாய் உண்டதுமே கண்டறிந்து கண்டித்தவர் மார்க்கி என்றும், அவரே உயர்குடி மனிதர் என்றும் அவன் கூறுகிறான். குலத்தைக் கொண்டு மனிதனை அளப்பவர்க்கு நாவின் சுவையைக் கொண்டு விடை சொல்கிறான் அந்தச் சமையற்காரன்.

எனினும் சினம் வலதுசாரிகளோடு நிற்கவில்லை. இவ்வேளையில் நாட்டிற்கு வீரமும் ஒற்றுமையும் வேண்டும் எனக் கருதிய பிறர்க்கும் இப்படம் கசந்தது. சிரிப்பதா அழுவதா என்றறியாத குழப்பம் பலர்க்கு. யாவற்றுக்கும் மேலான காரணம், திரையிற் கண்ட முகங்கள் தம் முகங்களே என்று அவர்கள் உள்ளூர உணர்ந்ததுதான். விபத்து என்று சொல்லி உள்ளே சென்று கதவை மூடிக்கொள்ளும் விருந்தினர்க்கும், செக் நாட்டைக் கைவிட்டுவிட்டு அதனை அமைதி என்று அழைத்த நாட்டினர்க்கும் வேற்றுமை யாது?

மனமுடைந்த ரெனுவார் படத்தை வெட்டினார். மக்கள் மிகுதியாக வெறுத்தவை தாம் தோன்றிய காட்சிகளே என எண்ணி, ஒக்தாவின் பகுதிகளையே பெரிதும் நீக்கினார். நூறு நிமிடங்களுக்கு மேல் ஓடுமாறு முதலில் அமைந்த படம் 85 நிமிட அளவிற்குச் சுருங்கிற்று. அதனாலும் பயன் விளையவில்லை. திரைப்படத் தொழிலை விடுவது, அல்லது நாட்டை விடுவது என்னும் நிலைக்கு அத்தோல்வி தம்மைத் தள்ளியதாக அவரே எழுதியிருக்கிறார். படம் வெளிவந்து இரு திங்கள் கூட நிறையாமுன், செப்டம்பர் 3ஆம் நாள், பிரான்சு ஜெர்மனியின்மீது போர் தொடுத்தது. அக்டோபரில், மக்களின் மனவுறுதியைக் குலைக்கக் கூடியதென அரசாங்கம் இப்படத்தைத் தடை செய்தது. 1940 ஜூன் 14ஆம் நாள் ஜெர்மானியப் படை பாரீசில் புகுந்தது. ஆக்கிரமிப்புக் காலத்திலும் தடை நீடித்தது.

சிதறிய குழு

படத்தில் விருந்தினராகக் கூடியவர்கள் வாழ்க்கையில் திசைக்கொருவராகச் சிதறினர். தாலியோ தம் இளம் மனைவி மத்லேன் லெபோவுடன் பாரீசை விட்டு ஓடி, போர்ச்சுகல் வழியாகக் கடல் கடந்து ஹாலிவுட்டை அடைந்தார். யூதர் இவ்வாறிருப்பர் என்று காட்டும் விளம்பரத் தட்டிகளில் நாஜிகள் அவர் முகத்தையே அச்சிட்டனர். பிரெஞ்சு மார்க்கியாகத் திரையில் மிளிர்ந்த முகம் அது! 1942இல் வெளியான ‘காசாபிளாங்கா’ படத்தில் சூதாட்டக் கூடத்தின் பணியாளராகச் சிறிது நேரமே தோன்றும் நடிகர் இவர்தாம்; லெபோவும் அதில் நடித்தார். போருக்குப்பின் தாயகம் திரும்பிய தாலியோ 1983இல் மறைந்தார். நோரா கிரேகோர் தென்னமெரிக்காவிற்குச் சென்று, மீண்டும் புகழ் காணாமலே 1949இல் சிலி நாட்டில் காலமானார். லிசெத்தாக நடித்த துபோஸ்த் நூறாண்டு நிறைந்து 2011இல் மறைந்தார். வசைபாடப்பெற்ற தம் படம் வாழ்த்தப்பெறுவதைக் கண்குளிரக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. ரெனுவார் 1940ஆம் ஆண்டின் இறுதிநாளில் நியூயார்க்கில் கால்வைத்தார். பின்னர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

படமும் தப்பவில்லை. 1942இல் பாரீசை அடுத்த புலோஞ் பகுதியில் நேசநாட்டு வானூர்திகள் பொழிந்த குண்டுகளில் அதன் மூலச்சுருள் எரிந்துபோயிற்று. சிதைந்த படிகள் சிலவே எஞ்சின.

மாண்டது மீண்டது

1956இல் ழான் கபோரி, ழாக் மரேஷால் என்னும் இரு திரைப்பட ஆர்வலர் இப்படத்தின் உரிமையைப் பெற்றனர். பழைய கிடங்குகளில் தேடி இருநூற்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை மீட்டனர். வெட்டியெறிந்த துண்டுகளும், ஒலிச்சுருள்களும், பல்வேறு படிகளும் அவற்றிற் கிடந்தன. ரெனுவாரின் அறிவுரையுடன் துண்டு துண்டாகப் பொருத்தினர். காணாமற்போன சிறு காட்சியொன்று தவிர ஏனையவெல்லாம் கிடைத்தன. 106 நிமிடம் ஓடும் அம்மீட்டுருவம் 1959இல் வெனிஸ் விழாவிற் காட்டப்பட்டது. ஓராண்டுக்கு முன் மறைந்த திறனாய்வாளர் அந்திரே பசேனின் நினைவுக்கு ரெனுவார் அதனைப் படையல் செய்தார். ஏட்டுச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடிப் பதிப்பித்த பெரியோரின் வரலாறறிந்த நமக்கு அவ்விருவரின் உழைப்பருமை தெரியும்.

‘சைட் அண்ட் சவுண்ட்’ என்னும் பிரிட்டிஷ் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கொருமுறை உலகத் திறனாய்வாளரிடம் வாக்குப் பெற்றுச் சிறந்த படங்களை வரிசைப்படுத்தி வருகிறது. 2012 வரை நடந்த ஏழு கணிப்புகளிலும் முதற்பத்தினுள் தவறாது இடம்பெற்ற படம் ‘ஆட்டத்தின் விதி’ ஒன்றே. 1972, 1982, 1992 ஆகிய மூன்று கணிப்புகளில் அது இரண்டாமிடத்தில் நின்றது. 2022இல் பதின்மூன்றாம் இடத்திற்கு நகர்ந்தது. ராபர்ட் ஆல்ட்மனின் ‘காஸ்ஃபோர்ட் பார்க்’ போன்ற பிற்காலப் படங்கள் இதன் வழிவந்தவை.

கங்கைக் கரையில் ரெனுவார்

இவ்வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஒரு பங்குண்டு. 1949இல் ரெனுவார், அன்று கல்கத்தா என வழங்கிய கொல்கத்தாவிற்கு வந்தார். ரூமர் காடன் அம்மையாரின் புதினத்தைத் தழுவிய ‘நதி’ என்னும் வண்ணப்படத்தை ஹூக்ளிக் கரையில் எடுப்பதற்காகவே அவ்வருகை. ஒளிப்பதிவாளர் அவருடைய அண்ணன் மகன் குளோத் ரெனுவார். கலை இயக்குநர் ‘ஆட்டத்தின் விதி’க்கு அரங்கமைத்த அதே லூரியே. விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய இளைஞர் ஒருவர், அவருக்குப் படப்பிடிப்பிடங்களைக் காட்டச் சுற்றுப்புற ஊர்களுக்கு உடன் சென்றார். தாம் எடுக்க எண்ணியிருந்த படத்தைப் பற்றி அவர் கூற, ரெனுவார் ஊக்கமளித்தார். அவ்விளைஞர் சத்யஜித் ராய். அப்படம் 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’. ரெனுவாரின் படப்பிடிப்பை அருகிருந்து கண்டு பயின்ற சுப்ரத மித்ராவே அதன் ஒளிப்பதிவாளரானார். லூரியேயிடம் துணைபுரிந்த பன்சி சந்திரகுப்தாவே அதன் கலை இயக்குநரானார்.

தமிழகத் தொடர்பும் இல்லாமற்போகவில்லை. ‘நதி’ படத்தில் மெலனி என்னும் மங்கையாகத் தோன்றிப் பரதம் ஆடியவர் இராதா ஸ்ரீராம். சென்னை அடையாற்றிற் பிறந்து, தம் அத்தையார் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய கலாக்ஷேத்திராவில் நடனம் கற்றவர். பின்னர் இராதா பர்னியர் என்னும் பெயரால் 1980 முதல் 2013இல் மறையும் வரை பிரம்மஞான சபையின் உலகத் தலைவராகத் திகழ்ந்தவர். தம் நாட்டாரால் துரத்தப்பட்ட பிரெஞ்சுக் கலைஞர், அயல்நாட்டின் ஆற்றங்கரையில், அயற்கலையொன்றின் முன் மாணவர்போல் அமர்ந்திருந்தார் என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது.

முடிவுரை

ரெனுவார் 1979இல் மறைந்தார். அவர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் யாது? நல்ல நகைச்சுவை நம்மை மகிழ்விக்கும். மிக நல்ல நகைச்சுவை முதலில் நம்மைப் புண்படுத்தவும் கூடும். அந்நேரத்தில் செய்தித்தாளைக் கொளுத்துவதா, நம்மை நாமே நோக்குவதா என்பது நம் கையில் உள்ளது. 1939இன் பாரீஸ் முன்னதைத் தேர்ந்தது. கண்ணாடியை உடைத்தால் முகம் மாறிவிடும் என நம்பிற்று. இரு திங்களில் போர் வந்தது. ஓராண்டு முடிவதற்குள் நகரமே வீழ்ந்தது. படம் சொன்னதைக் கேட்டிருந்தால் போர் தவிர்ந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஒரு படத்திற்கு அவ்வளவு ஆற்றல் கிடையாது. ஆனால் கொலையைக் கொலையென்றும் பொய்யைப் பொய்யென்றும் சொல்லத் துணிந்தவர் சிலரேனும் கூடியிருப்பர்.

மொழி விளங்காவிடினும் எழுத்துரையின் துணையோடு இப்படத்தைக் குடும்பத்தோடு கண்டு மகிழலாம். கரடித்தோலுக்குள் சிக்கித் தவிக்கும் ஒக்தாவைக் கண்டு பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பர்; பெரியவர்களும் சிரிப்போம். ஆனால் படிக்கட்டில் நின்று மார்க்கி பேசும் இறுதிச் சொற்களைக் கேட்கும்போது, நாமும் வாழ்வில் எத்தனை முறை கதவுக்குள்ளே சென்றுவிட்டோம் என்னும் எண்ணம் எழாமற்போகாது. அவ்வெண்ணம் எழுந்தால், எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எள்ளி விரட்டப்பட்ட அக்கலைஞரின் உழைப்பு வீண்போகவில்லை எனலாம்.